ஆஃப்ரோடு வண்டிக்கு முதல் ஹாம் செட்: கையில் பிடிப்பதா, வண்டியில் பொருத்துவதா?

முதல் ஹாம் செட் (உரிமம் எடுத்துப் பேசும் அமெச்சூர் ரேடியோ) வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் “எத்தனை வாட்?” என்றுதான். ஆன்டெனா எங்கே உட்காரப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. காட்டுப் பாதையில் குரல் போய்ச் சேருமா என்பது முதலில் அதைப் பொறுத்தது.

நான் தொடங்கியது 5 வாட் கையடக்க செட்டோடு. நான்கு வண்டிகள் வரிசையாகப் போனோம். ஒரு பாறை வளைவைத் தாண்டியதும் கடைசி வண்டிக்காரர் குரல் துண்டு துண்டாக வந்தது. செட்டோடு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், உடனே தெளிந்தது. செட்டில் கோளாறு இல்லை. இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்து குட்டி ரப்பர் ஆன்டெனாவில் பேசினால் அப்படித்தான்.

வண்டியில் பொருத்தும் செட்டின் பெரிய பலம், அதன் ஆன்டெனா கூரையில் நிற்பது. இந்த செட்கள் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கால் அலை நீளக் கம்பி அரை மீட்டர்தான். கூரையின் நடுவில் வைத்தால் கீழே உள்ள தகடும் ஆன்டெனாவின் பாதியாக வேலை செய்யும். வாட் கணக்கு அதற்கு அப்புறம்தான். 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் கூடுவது 10 டெசிபல். எதிர்முனை செட்டின் சிக்னல் மீட்டரில் அது இரண்டு படிகூட (எஸ் புள்ளி) இல்லை. தூரத்து ரிப்பீட்டரை (குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) எட்டிப் பிடிக்க அது உதவும், மலையைத் துளைக்க உதவாது.

இன்னொரு வித்தியாசத்தைப் பாதையில் இறங்கினால்தான் உணர்வீர்கள்: சத்தம். லோ கியரில் எஞ்சின் உறுமும்போது கையடக்க செட்டின் சின்ன ஸ்பீக்கர் காதுக்கு எட்டாது. பொருத்தும் செட் எட்டும், சார்ஜ் கவலையும் இல்லை. ஆனால் வயரிங் வேலை உண்டு. 50 வாட்டில் பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். லைட்டர் சாக்கெட்டை நம்பாதீர்கள். பேட்டரியிலிருந்தே நேரடியாக எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள்.

மாடல் என்று பார்த்தால், யாயெசு எஃப்டி-2980ஆர் ஒரே பேண்ட் (அலைவரிசைத் தொகுதி), 80 வாட், விசிறி இல்லாத கனமான உடம்பு. புழுதிக்கு அது நல்லது, இடம்தான் அடைக்கும். ஐகாம் ஐசி-2730ஏ இரண்டு பேண்ட், 50 வாட், முகப்பு தனி. உடம்பை சீட்டுக்கு அடியில் வைத்து முகப்பை மட்டும் டேஷ்போர்டில் ஒட்டலாம். டேஷ்போர்டில் இடமில்லாத ஜீப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கையடக்க செட் வெல்லும் இடம் வண்டிக்கு வெளியே. முன்னால் நின்று சக்கரத்துக்கு வழி சொல்பவர் கையில் வேறெது இருக்க முடியும்? வண்டி மாட்டிக்கொண்டால் மேட்டில் ஏறி உதவி கேட்பதும் அதை வைத்துத்தான். பாவ்ஃபெங் யுவி-5ஆர் மலிவு. ஆனால் பக்கத்தில் பலமான சிக்னல் இருந்தால் அதன் ரிசீவர் திணறும். யாயெசு எஃப்டி-60ஆர் அந்த வகையில் நிதானமானது.

சிபி செட் (பொதுமக்களுக்கான ரேடியோ)? 27 மெகாஹெர்ட்ஸ், ஏஎம்மில் 4 வாட், நீளமான ஆன்டெனா, ரிப்பீட்டர் வசதி இல்லை. கூட வருபவர்கள் எல்லாரும் அதில் இருந்தால் ஒழிய வேண்டாம். ஹாமில் பேச ஒவ்வொரு ஓட்டுநருக்கும் உரிமமும் அழைப்புக்குறியும் (பேசுபவரை அடையாளம் காட்டும் குறியீடு) தேவை என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? அடிக்கடி குழுவாகப் போகிறவர் என்றால் பொருத்தும் செட்டுக்கே போங்கள், கையடக்கம் இரண்டாவதாக வரட்டும். வருஷத்துக்கு ஓரிரு பயணம்தான் என்றால் நல்ல கையடக்க செட்டோடு, கூரையில் ஒட்டிக்கொள்ளும் காந்த அடி ஆன்டெனா ஒன்றும் வாங்குங்கள். பின்னால் பெரிய செட்டுக்கும் அதுவே உதவும். ஆன்டெனா கேபிளின் கனம் செட்டின் சின்ன கனெக்டரை இழுக்காதபடி கட்டிவிடுங்கள். கதவு வழியாகக் கொண்டுவரும்போது கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், மழைத் தண்ணீர் கேபிள் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.