பழைய டிரம்பெட்டைப் பாத்திரக் கடையில் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள்

கோபி, பவானி, அந்தியூர் பக்கம் பழைய பேண்ட் செட் வாத்தியம் வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்புச்சி முப்பது வருஷம் டிரம்பெட் வாசித்தவர். அவர் போன பிறகு அம்மிச்சி அதை ஒரு வேட்டியில் சுற்றி அட்டாலியில் வைத்துவிட்டார். என் மகள் பள்ளி பேண்டில் சேர்ந்ததும் எடுத்துப் பார்த்தோம். வாய் ஓரம் மடங்கியிருந்தது, விரலால் அழுத்தும் மூன்று வால்வில் இரண்டாவதை அழுத்தினால் மேலே வரவில்லை, உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் கழற்ற வரவில்லை. மற்றபடி நல்ல வாத்தியம்தான். மணியில், அதாவது முன்னால் விரிந்திருக்கும் பகுதியில், மீரட் என்று பொறித்திருந்தது. இந்தியாவில் பேண்ட் வாத்தியம் செய்வதற்குப் பேர் போன ஊர் அது.

கோவையில் பித்தளைச் சாமான் வேலை பார்க்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "பித்தளை எல்லாம் ஒண்ணுதானுங்க, குடம்னா என்ன, டிரம்பெட்னா என்ன? ஆயிரத்து எண்ணூறு ஆகும், பத்து நாள்ல வாங்கிக்கலாம்" என்றார் கடைக்காரர். சரி என்று கொடுத்துவிட்டேன். ஐந்து வாரம் அலைந்தேன். கடைசியில் 4,600 ரூபாய் கேட்டார்கள். தங்கம் மாதிரி மின்னியது, கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகள் ஊதினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

ஈரோட்டில் ஒரு பேண்ட் மாஸ்டரிடம் காட்டினேன். வால்வு உறைக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை உருவி வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளை முலாம் போய் மஞ்சள் தெரிந்தது, நீளவாக்கில் கீறல். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க தம்பி. இதுக்கும் உறைக்கும் நடுவுல ஒரு முடி போற இடங்கூட இருக்கக் கூடாது" என்றார். அப்புறம் முதல் வால்வை அழுத்தாமல் அதன் வளைகுழாயை இழுத்தார். "நல்ல வாத்தியம்னா இப்ப டப்புனு சத்தம் வரோணும்." ஒன்றும் வரவில்லை.

மவுத்பீஸில் பைப் ரெஞ்சின் பல் தடம். அதை முறுக்கிய முறுக்கில் ஊதுகுழாயே விரிசல் விட்டிருந்தது. கேஸ் டார்ச் காட்டியதில் பக்கத்து இணைப்புகளின் ஈயமும் உருகி வழிந்திருந்தது. சாதா ஈயப்பற்று இருநூறு டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். பாலீஷுக்காகச் சக்கரத்தில் பஃப் அடித்ததில் மணியின் தகடு மெலிந்து, பொறித்த எழுத்தில் பாதிதான் மிச்சம். எனக்கு இதுதான் தாங்கவில்லை. அப்புச்சி வாசிப்பதற்கு முன் அந்த எழுத்தைத் துண்டு நுனியால் துடைப்பார்.

இவ்வளவு செய்திருக்கவே வேண்டாம் என்கிறார் மாஸ்டர். மவுத்பீஸ் சிக்கினால் உருவி எடுக்க ஒரு திருகுக் கருவி இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. இரண்டாம் வால்வின் குட்டிக் குழாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், கீழே விழுந்தால் அதுதான் முதலில் அடிபட்டு உறையை உள்ளே நசுக்கும். அந்த நசுங்கலை எடுத்தாலே பெரும்பாலும் பிஸ்டன் ஓடிவிடும். பிஸ்டன்களை எண் மாற்றிப் போட்டாலும் சத்தம் வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மணியில் விழுந்த சின்ன ஒடுக்கால் சத்தம் கெடாது, அதற்குச் செலவழிக்க வேண்டாம். பாலீஷும் வேண்டாம். ரிப்பேர்காரரிடம் முதலில் இந்த வளைகுழாய்ச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் வாத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைக்கு மறுபடி போனேன். "பாலீஷ்ல குறை இருந்தா சொல்லுங்க" என்றார்கள். பில்லில் 'பித்தளை சாமான் பாலீஷ்' என்று மட்டும்தான் இருந்தது, வால்வு பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னென்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று எழுதி வாங்காமல் விட்டது என் தவறு. கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

விரிசலையும் இணைப்புகளையும் மாஸ்டர் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். பிஸ்டன்தான் பாக்கி. நிக்கல் முலாம் போட்டு உறையின் அளவுக்குத் தேய்த்துத் தரும் ஆள் கொங்குப் பக்கம் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எவ்வளவு தூரமானாலும் கொண்டுவருகிறேன்.