உப்பளத்து எஃப்.சி.க்கு எந்தப் பெயின்ட்: டூகோவா, பி.யு.வா, எனாமலா?

எங்கள் ஊரில் வண்டிக்கு "எஃப்.சி. காட்டணும்" என்றால் தகுதிச் சான்றுக்குப் போகிறோம் என்று பொருள். எங்கள் வண்டியின் பெயரே எஃப்.சி. என்பதால் "எஃப்.சி.க்கு எப்போ எஃப்.சி.?" என்ற கேலி வீட்டில் நாற்பது வருஷமாக ஓடுகிறது. ஃபார்வர்டு கன்ட்ரோல் என்பதன் சுருக்கம் அது. 1956 கடைசியில் அமெரிக்காவில் வில்லிஸ் வெளியிட்ட மூக்கில்லாத ஜீப் பிக்கப்பை, 1965இல் மஹிந்திரா எஃப்.சி. 150 என்று இங்கே செய்யத் தொடங்கியது. 81 அங்குல வீல்பேஸ், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே உள்ள தூரம். ஓட்டுபவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குள் இன்ஜின். மே மாதத்தில் தூத்துக்குடியில் அதை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது உப்பளத்தில் மூட்டை ஏற்றிய வண்டி. துரு என்பது மற்ற வண்டிகளுக்கு நோய் என்றால் இதற்குக் குடும்பச் சொத்து. தகரத்தையும் பாடியையும் பெயின்டையும் சரிசெய்து முடித்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதற்குள் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள்: "பழைய ஜீப்புக்கு எந்தப் பெயின்ட் அடிக்கலாம்?" கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியில் எபாக்ஸி பிரைமர், மேலே சாதாரண சிந்தெடிக் எனாமல்.

இதைக் கேட்டதும் கார் பெயின்டர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் இதே வண்டியை ஒரு பட்டறையில் விட்டு பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்து வாங்கினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. எட்டாவது மாதம் கதவின் அடியில் கொப்புளம். நகத்தால் கீறினால் பெயின்ட் தோலாக உரிந்தது. அதற்குக் கீழே விரல்கனத்துக்கு பட்டி, அதாவது பள்ளம் நிரப்பப் பூசும் பசை. அதற்கும் கீழே தகரமே இல்லை, துருப்பொடி மட்டும். பழி பெயின்ட் மேல் இல்லை, அடியில் இருந்த வேலை அப்படி. ஆனால் அதை மறுபடி சரிசெய்யக் கேட்டபோது சொன்ன செலவுதான் என்னை வேறு பக்கம் யோசிக்க வைத்தது.

மூன்று பெயின்ட்டுக்கும் பொதுவான வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த டப்பாவைத் திறந்தாலும் வீண்.

பழைய பெயின்ட்டை உரிக்க சாண்ட் பிளாஸ்டிங் வேகமானது. சேசிஸ், ஆக்சில், பின்தொட்டியின் அடிச்சட்டம் ஆகியவற்றுக்கு அதைத்தான் செய்தோம். சாதாரண ஆற்று மணலை வைத்து அடித்தால் அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கார்னெட் மணல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நம் தென்கடற்கரையில் குவிந்து கிடந்த அதே சிவப்பு மணல்தான். கதவு, கூரை போன்ற அகலமான தகடுகளுக்குப் பிளாஸ்டிங் வேண்டாம். மணல் அடியில் நெளிந்துவிடும். அங்கெல்லாம் ரிமூவரும் வயர் பிரஷும் கைவலியும்தான்.

அப்புறம் உப்பு. இதைத்தான் முதல்முறை யாரும் சொல்லித் தரவில்லை. துருப் பள்ளங்களுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். பிரஷ் போட்டால் மேற்பரப்பு கறுத்துப் பளபளக்கும், சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பாருங்கள். காலையில் சில இடங்களில் மட்டும் மஞ்சள் புள்ளி பூத்திருக்கும். அங்கே உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தேய், மறுபடி கழுவு. எங்கள் கேபின் தரைக்கு நான்கு ராத்திரி ஆனது. முன்சக்கரம் கேபினுக்கு அடியிலேயே சுழல்வதால் உப்பளச் சேறு முழுவதும் அங்கேதான் போய் அப்பியிருந்தது. கடைசியில் பாஸ்பாரிக் ஆசிட் துரு நீக்கி போட்டோம். அதைக் கழுவாமல் விட்டு எபாக்ஸி அடித்தால் பிடிக்காது. கழுவி, ஹாட் ஏர் கன்னில் உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

ஓட்டை விழுந்த இடத்தில் பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவது எளிது. ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. அழுகிய பகுதியை முழுக்க வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து, சிஓடூ வெல்டிங்கில் விட்டுவிட்டுப் பொட்டு வைத்துச் சேர்க்கச் சொன்னேன். பாடி கட்டுகிற அண்ணன் முதலில் முறைத்தார், "இதுக்கு ரெண்டு நாள் கூட ஆகும்" என்றார். ஆகட்டும் என்றேன். பட்டி வெறும் தகரத்தின் மேல் கூடாது, எபாக்ஸியின் மேல்தான், அதுவும் மெல்லிசாக. பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

சரி, பெயின்ட்.

டூகோ என்று நம் பெயின்டர்கள் சொல்வது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். டூபான்ட் கம்பெனி 1920களில் வைத்த பிராண்டுப் பெயர். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் 1924 மாடலுக்கு முதலில் வந்தது. கம்பெனி மறந்து, பெயர் மட்டும் நம் தெருவில் நிலைத்துவிட்டது. நிமிஷத்தில் காயும், தூசி ஒட்டாது. புது கோட் பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு அதோடு கலந்துவிடுவதால் கீறலைச் சரிசெய்தால் தடம் தெரியாது. பழைய அம்பாசடரை வீட்டு நிழலில் வைத்துப் பாலிஷ் போட்டுப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் நல்ல பெயின்ட்தான். கடலோரத்தில் இரண்டு சிக்கல். ஒன்று, காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்; தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. இரண்டு, பெட்ரோல் சிந்தினால் கறை, வெயிலில் நின்றால் மங்கல். நான் ஒரு கதவில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரு கதவை வைத்து முழுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்பதும் தெரியும்.

பி.யு., அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே. பளபளப்பு, உறுதி, பெட்ரோல் தாங்குவது, வெயில் தாங்குவது, எல்லாவற்றிலும் இதுதான் முதலிடம். வாதமே இல்லை. விற்கப் போகிறீர்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் இதையே அடியுங்கள். கடலோரம் என்றால் நிறத்துக்கு பேஸ் கோட், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று இரண்டு அடுக்காகப் போகாமல் ஒரே அடுக்கு சாலிட் கலராகக் கேளுங்கள். கிளியர் உரிகிற தொல்லை இருக்காது. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் போட வேண்டிய வேலைக்கு, நம் பையன்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டுத் தொழுவத்தில் வைத்து நானாக அடிக்கக் கூடாத பெயின்ட் அது.

இங்கேதான் என் தராசு சாய்ந்தது. உப்பளத்து வண்டியில் துரு மறுபடி வரும். எவ்வளவு கழுவினாலும் எங்கோ ஒரு இடுக்கில் ஒரு பொட்டு மிச்சம் இருக்கும். மூட்டை உரசும், கயிறு உரசும், கல் தெறிக்கும். ஆகவே முதல் நாள் எப்படி இருக்கிறது என்பதைவிட, பதினெட்டாவது மாதம் வைப்பருக்குக் கீழே ஒரு கொப்புளம் வரும்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் எனக்குக் கேள்வி. பி.யு. ஒருமுறை இறுகிவிட்டால் புது கோட்டோடு கரைந்து கலக்காது. ஒட்டுப் போட்ட ஓரம் தெரியாமலிருக்க பிளெண்டிங் தின்னர், பாலிஷ் என்று கைப்பழக்கம் வேண்டும். நல்ல பெயின்டர் "முழு பேனலும் அடிச்சிரலாம்" என்றுதான் சொல்வார். அவர் சொல்வது சரி. ஆனால் அதற்கு வண்டி பட்டறையில் நிற்க வேண்டும், பணம் வேண்டும். இரண்டும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பது எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது: "அப்புறம் பார்ப்போம்" என்று விடுவேன். அந்த அப்புறம் வருவதற்குள் காசளவு கொப்புளம் தட்டளவு ஓட்டை ஆகிவிடும்.

எனாமல் பக்கம் என்னைத் திருப்பியது ஒரு படகு பெயின்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி அடிப்பார்கள். கொப்புளம் விட்ட என் கதவைக் காட்டியபோது அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "தம்பி, கடல்ல கெடக்குறத ஒரு தடவ அடிச்சிட்டு பத்து வருஷம் சும்மா இருக்க முடியுமா? வருஷா வருஷம் கை வைக்கிற மாதிரி பெயின்டப் போடுங்க." லாரிக்காரர்களும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் செய்கிறார்கள். அதை அழகுக்காகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிந்தெடிக் எனாமலில் வேலை இப்படி: கொப்புளத்தைச் சுரண்டு, கழுவு, காய வை, எபாக்ஸியை பிரஷால் தொட்டு வை, மறுநாள் எமரித் தாளால் லேசாகத் தேய், எனாமலை பிரஷால் அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் மறுநாள் காலையும் போதும். எஃப்.சி.யின் பாடி தட்டையான சிறு தகடுகளால் ஆனது, மடிப்பும் ஓரமும் நிறைய. அந்த ஓரம் வரை அடித்து நிறுத்தினால் ஒட்டு தெரியாது. வளைந்து நெளிந்த கார் பாடியில் இதே வேலை அசிங்கமாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறம் தேர்ந்தெடுத்ததிலும் இதே யோசனைதான். ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தரப் பட்டியலில் எண் உள்ள நிறமாக எடுத்தேன்: 227, டீப் பிரன்ஸ்விக் கிரீன். எண்ணைச் சொன்னால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், கலக்க வேண்டியதில்லை. ஆர்.சி.யில் பச்சை என்றே இருந்ததால் நிறத்தை மாற்றிப் பதிய அலையும் வேலையும் மிச்சம். ஜீப் பிரியர்கள் ஆசைப்படும் ஆலிவ் கிரீன் வேண்டாம். மோட்டார் வாகன விதி 121 அதை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது.

எனாமலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. காய நேரம் எடுக்கும். அடித்த அன்று ஒரு கொசு பின்பக்கக் கதவில் ஒட்டி இன்றும் அங்கேயே சமாதியாக இருக்கிறது. டீசல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். மேலே வெயில் படும் கூரை இப்போதே கொஞ்சம் மங்கியிருக்கிறது. பெரிய சிக்கல் ஒன்று: எனாமலுக்கு மேல் பின்னாளில் டூகோவோ பி.யு.வோ அடிக்க நினைத்தால் அந்தத் தின்னர் பட்டு அடிக்கோட் சுருங்கித் தூக்கிவிடும். முழுக்க உரித்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தது இரண்டு மழைக்காலம்தான். அடியில் எபாக்ஸி இல்லாமல் எனாமலை மட்டும் அடித்திருந்தால் இந்தளவு நின்றிருக்குமா என்றால், என்னைக் கேட்காதீர்கள், நான் அப்படிச் செய்து பார்க்கவில்லை.

விற்பனை மதிப்பு பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதிந்து "விஏ" எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். அந்த எண் வாங்கினால் தினசரிப் புழக்கமும் வாடகைச் சவாரியும் கூடாது. உங்களிடம் அசல் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு எஃப்.சி. இருந்தால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு நல்ல பட்டறையாகப் பார்த்து பி.யு. அடியுங்கள். எங்கள் வண்டியில் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் எப்போதோ டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார் அப்பா. விண்டேஜ் கனவு அன்றைக்கே முடிந்தது. வண்டி இன்றும் மூட்டை ஏற்றுகிறது.

போன வாரம் கழுவும்போது பார்த்தேன், இடது வைப்பருக்குக் கீழே மிளகு அளவில் ஒரு கொப்புளம். தடைக்காலம் தொடங்கியதும் படகு பெயின்டர் சாமான் வாங்கக் கடைக்குப் போவார். 227இல் எனக்கும் அரை லிட்டர் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.