மூலத்துக்கு ஒப்பரேசனா, சாப்பாடும் மருந்துமா?

அப்பாவுக்கு ரத்தம் போகத் தொடங்கினதும் வெள்ளவத்தையில எங்கட வீட்டுல ரெண்டு கட்சி, அம்மா சாப்பாட்டால மாத்தலாம் எண்டா, அண்ணா உடன ஒப்பரேசன் எண்டார். டொக்டர் பார்த்துட்டு ரெண்டாம் கட்டம், அதாவது முக்கேக்க வெளிய வந்து தானா உள்ள போற மூலம் எண்டார், முடிவே அதுல தான் இருக்கு.

1, 2ஆம் கட்டத்துக்கு பெரும்பாலும் கத்தி தேவையில்ல. நாளைக்கு 25-30 கிராம் நார்ச்சத்து, நிறையத் தண்ணி, டொய்லட்ல போனோட குந்திக்கொண்டு முக்காம இருக்கிறது. அம்மா மத்தியானம் வல்லாரைச் சம்பல், ராவைக்கு குரக்கன் பிட்டு குடுத்து, பேசின்ல இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு 15 நிமிஷம் இருக்க வைப்பா. செலவு குறைவு, ஆனா கிழமைக்கணக்கா பொறுமை வேணும், பழக்கத்தை விட்டா திரும்ப வரும்.

வெளிய வந்த மூலம் கையால தள்ளினாத்தான் உள்ள போகும் (3ஆம் கட்டம்), தள்ளினாலும் போகாது (4ஆம் கட்டம்) எண்ட ஆக்களுக்குத் தான் பெரும்பாலும் ஒப்பரேசன். திரும்ப வாறது குறைவு, ஆனா முதல்தரம் கக்கூசுக்குப் போகேக்க உயிர் போற நோவு, 2-4 கிழமை வேலைக்கும் போகேலாது. நடுவில மூலத்தின்ட அடியில சின்ன ரப்பர் பேண்ட் போட்டு அதைச் சுருங்கி விழ வைக்கிற வழியும் இருக்கு, கேட்டுப் பாருங்கோ.

நான் அம்மா பக்கம். ஆனா ரத்தம் எண்டா மூலம் தான் எண்டு நீங்களே முடிவெடுக்காதீங்கோ, குடல் புற்றுநோயிலயும் ரத்தம் போகும், 45 தாண்டின ஆக்கள் கொலனொஸ்கோப்பி (கமரா குழாயால பெருங்குடலுக்குள்ள பாக்கிற சோதனை) தேவையா எண்டு கட்டாயம் கேளுங்கோ.