கும்பகோணம் பெரிய தெரு ஜவுளிக்கடை: பட்டும் நல்லா இருக்கு, நிர்வாகமும்

தங்கை கல்யாணத்துக்குத் திருபுவனம் பட்டு எடுக்கப் போனோம். விசிறி மடிப்பு, கனமான ஜரிகை, தரம் அருமை. விலை கொஞ்சம் கூடுதல்தான்.

ஆனால் மனசில் நின்றது வேறு. ஒவ்வொரு கவுண்ட்டருக்குப் பின்னாலும் முக்காலி போட்டிருக்கிறார்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. இன்னமும் பல கடைகளில் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருந்த ஒரு விற்பனைப் பெண்ணைப் பார்த்து, துணி எடுக்க வந்த ஒரு பெரியவர், "ஆள் வர்றப்போ உட்கார்ந்திருக்கே?" என்று சத்தம் போட்டார். மாடியைக் கவனிக்கும் அக்கா ஓடிவந்து, "நான்தாங்கய்யா உட்காரச் சொன்னேன். காலையிலேருந்து நிக்குற பொண்ணு. வாங்க, நானே எடுத்துக் காட்டுறேன்" என்றார். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலதிகாரி என்றால் இப்படி இருக்கணும்!

பில் போடும் தம்பிக்குக் காது கேளாது. கடையில் எல்லோரும் அவரிடம் சைகையில் பேசப் பழகியிருக்கிறார்கள். அப்புறம், முகூர்த்த நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள்.