விசையை மென்மையாக்கித் தருவதாகச் சொன்னவரிடம் ரிவால்வரைக் கொடுத்து ஏமாந்த அனுபவம்

சிறு ரிவால்வர் வைத்திருப்பவர்களும், சுடுவதற்கு விரலால் இழுக்கும் அதன் விசையைச் சற்று மென்மையாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும், குறிப்பாக முகம் தெரியாத ஒரு கன்ஸ்மித்துக்கு, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவருக்கு, அதைப் பெட்டியில் வைத்து அனுப்ப எண்ணியிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐந்து மாதங்களையும் ஏறக்குறைய 500 டாலரையும் இழந்த பிறகு இதை எழுதுகிறேன். என் ரிவால்வரில் வேலை செய்தவர்மீது நான் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையும் ஊரையும் குறிப்பிடவில்லை.

நான் டெக்சாஸில், டல்லாஸுக்கு அருகில் வசிக்கிறேன். பச்சை அட்டை கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களில் சிலர், டெக்சாஸில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று எண்ணிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

நான் வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. 1950இல் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற பெயரில் வெளிவந்த ஜே-ஃபிரேம் என்ற சிறு ரிவால்வர் குடும்பத்தைச் சேர்ந்தது; .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து கொள்ளும். சட்டகம் அலுமினியக் கலவை என்பதால் எடை 15 அவுன்ஸ்தான், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்காமல் இருப்பதற்காக, தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல் முழுவதும் சட்டகத்துக்குள் மறைந்திருக்கும். ஆகவே சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு இலேசாகச் சுடும் வசதி இதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் விசையை முழு நீளத்துக்கு இழுத்தாக வேண்டும், அந்த இழுப்புக்குச் சுமார் 12 பவுண்டு பலம் தேவைப்படும். ஒரு பவுண்டுக்கும் குறைவான பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் எடையைப் போல 12 மடங்குக்கும் மேலான பலத்தை ஒற்றை விரலில் கொடுத்தால் குழல்வாய் ஆடாமல் என்ன செய்யும்? ஏழு கெஜத்திலேயே என் குண்டுகள் இலக்கின் இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்தன.

இதற்கு முறையான வைத்தியம் உண்டு. உள்ளே உரசும் பரப்புகளில் இருக்கும் பிசிறுகளை நுண்கல்லால் தேய்த்து எடுப்பார்கள்; விசையை முன்னுக்குத் தள்ளும் 'ரிபவுண்ட் ஸ்லைடு' என்ற சிறு கட்டை சட்டகத்தின்மீது வழுக்கும் இடத்தைச் சமன் செய்வார்கள்; தேவைப்பட்டால் ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் வலுக் குறைந்தவையாக மாற்றுவார்கள். நல்ல கையாக இருந்தால் இழுப்பின் கனம் அதிகம் குறையாமலே மணல் அரைப்பது போன்ற உணர்வு போய்விடும். இந்த வேலையில் கைதேர்ந்தவர் என்று வேறொரு மாநிலத்தில் இருக்கும் ஒருவரைச் சிறு ரிவால்வர் ஆர்வலர்கள் பலர் வாயாரப் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் வேலை முடிந்து வந்த துப்பாக்கியில் நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்த்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மேசையில் வைத்துக் காலியாக விசையை இழுத்துப் பார்த்து 'வெண்ணெய் மாதிரி இருக்கிறது' என்று எழுதியவர்களே அதிகம் என்பது பிறகு தெரிந்தது.

அவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்தேன். துப்பாக்கி பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர் கூட்டாட்சி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால் அந்த உரிமங்களை வழங்கும் ஏடிஎஃப் என்ற கூட்டாட்சித் துறையின் இணையத்தளத்தில் அது நடப்பில் உள்ளதா என்று பார்த்துவிடலாம். நடப்பில்தான் இருந்தது. அந்த உரிமத்தைக் கொடுப்பதற்கு ஒருவருடைய கைத்திறனை யாரும் சோதிப்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2023 பிப்ரவரியில் அனுப்பினேன். 1927இல் வந்த ஒரு சட்டத்தின்படி தனிநபர்கள் கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்ப முடியாத நிலை அப்போது இருந்தது. தனியார் கூரியர் நிறுவனங்களும் உரிமம் பெற்ற வணிகர்களிடமிருந்தே வாங்கிக்கொள்கின்றன. எனவே உள்ளூர்க் கடைக்காரர் ஒருவருக்கு 60 டாலர் கொடுத்து அவர் மூலமாக அனுப்ப வேண்டியிருந்தது. கடைக்காரர் பெட்டியை ஒட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னார்: "பிடியைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், விசை வேலைக்கு அது தேவையில்லை." நான் கேட்கவில்லை. அது 110 டாலருக்கு வாங்கிய ஈட்டி மரப் பிடி. வேலை முடிந்ததும் அவர் எடுத்து அனுப்பப்போகும் படத்தில் அழகாகத் தெரியட்டுமே என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு. கூலி 240 டாலர். அதில் பாதியை முன்பணமாகக் கடன் அட்டையில் வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் பத்து வாரமானது. கேட்டபோதெல்லாம் பணிவாகவே பதில் வந்தது: உதிரிபாகம் வரவில்லை, உதவியாளருக்கு உடல்நலமில்லை, அடுத்த வாரம் உங்கள் முறை. ஜூலை தொடக்கத்தில் வேலை முடிந்தது என்ற செய்தியோடு மீதிக் கணக்கும் வந்தது. கூலியில் பாக்கி 120, 'புதிய ஸ்பிரிங் தொகுப்பு' 35, திருப்பி அனுப்பும் செலவு 45. அட்டை இயந்திரம் பழுதாகிவிட்டது என்று சொல்லி, அந்த 200 டாலரையும் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போய்ச் சேரும் வழியில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பழுது பார்த்த துப்பாக்கியை உரிமதாரர் உரிமையாளரின் வீட்டுக்கே நேரடியாக அனுப்பலாம் என்பதால் நான்கு நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துப் போனார்கள்.

பெட்டியைத் திறந்ததும் பிடிதான் முதலில் கண்ணில் பட்டது. ஈட்டி மரம் இருந்த இடத்தில் விளிம்பு தேய்ந்த ஒரு பழைய ரப்பர் பிடி இருந்தது. தவறுதலாக மாறியிருக்கும் என்று எண்ணி அவருக்கு எழுதிவிட்டு, அறைகள் காலி என்று இருமுறை பார்த்து, விசையை இழுத்தேன். உண்மையில் அருமையாக இருந்தது. எவ்வளவு அருமை என்றால் பிடி போனதைக்கூட அரை மணி நேரம் மறந்துவிட்டேன். அந்த மகிழ்ச்சியில் விசை திரும்பி வரும்போது கடைசிக் கால் அங்குலத்தில் சோம்பியதை நான் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனேன். முதல் மூன்று வெடித்தன. நான்காவது 'டிக்' என்று நின்றது. விதிப்படி குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்து 30 வினாடி காத்திருந்துவிட்டு மறுபடி இழுத்தேன், ஐந்தாவது வெடித்தது. சிலிண்டரைத் திறந்து வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பார்த்தபோது அதன் அடிப்பாகத்தில் சுத்தியலின் அடி பட்டு மருந்தைப் பற்றவைக்கும் 'பிரைமர்' என்ற சிறு மூடியின் நடுவில் குழியே விழவில்லை என்று சொல்லலாம், குண்டூசியின் தலையை மெழுகில் மெல்ல ஒற்றி எடுத்தது போல ஒரு தடம் மட்டுமே இருந்தது. வெடித்த தோட்டாக்களிலோ ஆழமான வட்டக் குழி. 50 தோட்டாக்களில் 7 இப்படி நின்றன. மீண்டும் அடித்தபோது அவற்றில் 6 வெடித்தன. அதாவது தோட்டாவில் குறையில்லை, சுத்தியலுக்கு வலு போதவில்லை. போதாக்குறைக்கு, வேகமாகச் சுட்டபோது இரண்டு முறை விசை முழுமையாக முன்னுக்கு வராமல் பாதியில் நின்று, அடுத்த இழுப்பு வெறும் இழுப்பாகப் போயிற்று.

எழுதிக் கேட்டேன். "ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் உள்ள தோட்டாவை மட்டும் பயன்படுத்துங்கள், உங்கள் தோட்டாவின் பிரைமர் கடினமானது" என்று பதில் வந்தது. ஃபெடரல் பிரைமர் இலேசான அடிக்கே வெடிக்கும் என்பது உண்மை. போட்டிகளில் சுடுபவர்கள் விசையை மிகவும் குறைத்துக்கொண்டு அதை மட்டுமே தேடிப் போடுவதும் உண்டு. அவர்களுக்குத் தோட்டா நின்றால் சில புள்ளிகள் போகும். பையில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி எந்தக் கடைத் தோட்டாவைப் போட்டாலும் வெடிக்க வேண்டும். தற்காப்புக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று பிப்ரவரியிலேயே அவருக்கு எழுதியிருந்தேன்.

டல்லாஸில் ஒரு வயதான கன்ஸ்மித்திடம் எடுத்துப் போனேன். அவர் துப்பாக்கியைத் திறக்கும் முன்பே பக்கத்தகட்டின் விளிம்பைக் காட்டினார். உள்பாகங்களை மூடியிருக்கும் ஜே-ஃபிரேமின் பக்கத்தகடு மூன்று திருகுகளால் பிடிக்கப்பட்டு, மயிரிழை இடைவெளியும் தெரியாதபடி பொருந்தியிருக்கும். திருகுகளைக் கழற்றிய பின் திருப்புளியின் கைப்பிடியால் பிடிச் சட்டத்தில் மெல்லத் தட்டினால் அதிர்வில் தகடு தானாக எழும்பும். இடுக்கில் எதையாவது நுழைத்து நெம்பவே கூடாது. என் துப்பாக்கியில் இரண்டு இடங்களில் நெம்பிய விளிம்பு நகக்கண் அளவுக்குப் பிதுங்கியிருந்தது. திருகுகளின் பிளவுகளும் அளவு சேராத திருப்புளியால் சிதைந்திருந்தன.

தகட்டை எடுத்ததும் ஸ்பிரிங்குகளை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஆலையிலிருந்து வரும் சுருள் ஸ்பிரிங்கின் இரு முனைகளும் மேசையில் நிற்கும்படி தட்டையாக முடிந்திருக்கும். என்னுடையவற்றில் ஒரு முனை தட்டை, மறுமுனை கொக்கி போலத் திறந்து நின்றது. கம்பி வெட்டும் குறட்டால் சுற்றுகளை நறுக்கியிருக்கிறார். சுத்தியலைத் தள்ளும் பெரிய ஸ்பிரிங்கிலும் அதே கதை, ரிபவுண்ட் ஸ்பிரிங்கிலும் அதே கதை. 35 டாலர் கணக்கில் எழுதிய 'புதிய ஸ்பிரிங் தொகுப்பு' என்பது என் துப்பாக்கியோடு வந்த அதே ஸ்பிரிங்குகள்தான். வெட்டிய முனை ரிபவுண்ட் கட்டையின் உட்புறத்தைக் கீறிக் கோடு போட்டிருந்தது. அந்தக் கட்டையோ கண்ணாடி போலப் பளபளத்தது. அதைக் காட்டித்தான் பலரைக் கவர்ந்திருப்பார் போலும். ஆனால் கல்லால் சமமாகத் தேய்க்காமல் சுழல் கருவியால் மெருகேற்றியதால் நேராக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருந்தன. இழுப்பை அளந்தபோது 8 பவுண்டுக்குச் சற்றுக் கீழே காட்டியது. வேலை என்று எதுவும் நடக்கவில்லை, ஸ்பிரிங்கை வெட்டியதால் கிடைத்த மென்மை அது.

தயாரிப்பு நிறுவனம் முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் முழுதும் பழுது நீக்கித் தருகிறது என்றாலும் வெளியார் கை வைத்து மாற்றியதற்கு அது பொறுப்பேற்காது. எனவே டல்லாஸ்காரரே ஆலை ஸ்பிரிங்குகளையும் புதிய ரிபவுண்ட் கட்டையையும் போட்டு, உரசும் இடங்களைக் கல்லால் தேய்த்துக் கொடுத்தார். மொத்தம் 95 டாலர், இரண்டு நாள். இழுப்பு இப்போது பத்தரைப் பவுண்டு. மூன்று வகைத் தோட்டாக்களில் 150 சுட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. வெண்ணெய் மாதிரி இல்லை; வெடிக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவருடைய தாமதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கடன் அட்டைக் கணக்கில் தவறு என்று முறையிட 1974ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அவகாசம், அந்தத் தொகை முதலில் இடம்பெற்ற பட்டியல் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள். துப்பாக்கி கைக்கு வருவதற்குள் அது எப்போதோ முடிந்திருந்தது. வேலையின் தரம் சரியில்லை என்று தர்க்கம் செய்ய இருக்கும் இன்னொரு பிரிவோ, விற்றவர் நம் மாநிலத்தில் அல்லது நம் முகவரியிலிருந்து 100 மைலுக்குள் இருந்தால்தான் பொருந்தும்; அதிலும் அட்டைக் கடன் கட்டப்படாமல் இருக்க வேண்டும். நான் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவிடுபவன். மீதி 200 டாலரை நானே மனமறிந்து அனுப்பியதால் வங்கி கைவிரித்துவிட்டது. ஆறு வாரம் கடந்த அன்றே துப்பாக்கியைத் திருப்பிக் கேட்டு அட்டைத் தொகையையும் மறுத்திருந்தால் முன்பணமாவது தப்பியிருக்கும்.

அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், ஸ்பிரிங்கின் தயாரிப்பாளர் பெயரையும் வலுவையும் கணக்குச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பழைய ஸ்பிரிங்குகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் கேட்டிருந்தால், தருவதற்கு அவரிடம் பழைய ஸ்பிரிங் எதுவும் இருந்திருக்காது. வந்தவுடன் வெவ்வேறு நிறுவனத் தோட்டாக்களில் குறைந்தது நூறாவது சுட்டுப் பார்க்காமல் அதைப் பையில் வைக்க வேண்டாம். பிடியைப் பற்றி அந்தக் கடைக்காரர் சொன்னதையும் கேளுங்கள்.

அவருடைய மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் நுகர்வோர் பிரிவுக்கு, வெட்டிய ஸ்பிரிங்குகளின் படங்கள், 35 டாலர் கணக்குச் சீட்டு, டல்லாஸ்காரர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றை இணைத்துப் புகார் அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பின் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ஈட்டி மரப் பிடி எதுவும் தன்னிடம் வந்ததாக நினைவில்லையாம். பெட்டியை ஒட்டும் முன் கடைக்காரர் எடுத்த படத்தை, தொடர் எண்ணும் பிடியும் ஒன்றாகத் தெரியும் அந்தப் படத்தை, அவருக்கு அனுப்பி இன்றோடு 19 நாளாகிறது. பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.