பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றினோம்: ஓடா, ஷீட்டா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அறுபதுகளில் நகராட்சி கட்டிக் கொடுத்த வீடு, மேலே இன்னும் ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே அந்தக் காலத்து மரச்சட்டம் என்றால், வண்ணம் பூசிய ஐபிஆர் ஷீட்தான், அதாவது மடித்த இரும்புத் தகரம்தான், சரியான கூரை. கான்கிரீட் ஓடு நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த வீடுகளுக்கு அது பொருந்தாது. எங்கள் ஷீட் கூரை ஒரு முழு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனில் யாருக்கும் மறக்காது, சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கூரை அன்றைக்கே ஒழுக ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் சீலிங்கில் புதுசாக ஒரு பழுப்பு வட்டம். ஆணி அடித்த இடத்தில் எல்லாம் சிலிக்கான் பூசி ஓட்டினோம். அது போதாது என்று தெரிந்ததும் மாற்றுவது என்று முடிவானது. உடனே வீட்டுக்குள் சண்டையும் தொடங்கியது.

தம்பிக்கு ஓடு வேண்டும். இங்கே நம் ஆட்களிடம் ஓட்டுக் கூரை என்றால் ஒரு மரியாதை உண்டு, முன்னேறியவன் வீடு என்று அர்த்தம். ஆயாவுக்கோ ஷீட் என்ற பேச்சே ஆகவில்லை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில், டர்பனிலேயே இருக்கிற கேட்டோ மேனரை விட்டு விரட்டப்பட்டு இங்கே வந்தவர்கள் அவர்கள், அங்கே இருந்தது பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடு. "தகரத்துல இருந்துதானே இங்க வந்தோம், மறுபடியும் தகரமாய்யா?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூரைக்கு ஆள் தேடுகிற எல்லோருக்கும் சொல்கிறேன், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் பேச்சை விலைப்பட்டியல் வருவதற்கு முன்னாடியே பேசி முடித்துவிடுங்கள்.

சண்டையைத் தீர்த்தது எடைதான். கான்கிரீட் ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 ஓடு பிடிக்கும், எடை ஏறக்குறைய 50 கிலோ. அரை மில்லிமீட்டர் இரும்பு ஷீட் அதே இடத்துக்கு 5 கிலோதான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் இரண்டுக்கும் நடுவில், 15 கிலோ மட்டில். 80 சதுர மீட்டர் கூரை என்று வைத்துக்கொண்டால் ஓடு 4 டன், ஷீட் 400 கிலோ. ஆஸ்பெஸ்டாஸைத் தாங்குவதற்காகத் தள்ளித் தள்ளி நிறுத்திய மரச்சட்டங்களின் மேல் 4 டன்னை ஏற்றினால் முதல் வருஷம் ஒன்றும் தெரியாது, அப்புறம் மெல்ல முகடு நடுவில் தொய்யும், சுவர் வெளிப்பக்கம் தள்ளப்படும். ஓட்டுக்கு இந்த நாட்டில் வழக்கமாக 760 மில்லிமீட்டர் இடைவெளியில் சட்டம் நிறுத்துவார்கள், ஷீட்டுக்கு ஒரு மீட்டருக்கு மேலேயே விடலாம். அது மட்டுமில்லை, சரிவும் வேண்டும். ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் குறைந்தது 17.5 பாகை, விரிப்பு இல்லாவிட்டால் 26. எங்கள் கூரை அந்த 17.5-ஐக்கூட எட்டவில்லை, அவ்வளவு தாழ்ந்த கூரை. ஆக ஓடு என்றால் மரச்சட்டம் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதுசாக நிறுத்த வேண்டும், எஞ்சினியர் கையெழுத்து, நகராட்சியில் வரைபட அனுமதி, எல்லாம் தொடர்ந்து வரும். மரவேலையைச் சேர்த்துப் பார்த்ததும் ஓட்டின் விலை ஷீட்டை எங்கேயோ தாண்டிப் போய்விட்டது.

இதை எங்களுக்குச் சொல்லாமலே ஓடு போட்டுத் தருகிறேன் என்று விலை எழுதிக் கொடுத்த ஆளும் உண்டு. கீழே ரோட்டில் நின்று கூரையை நிமிர்ந்து பார்த்தார், காகிதத்தில் எழுதினார், போய்விட்டார். சீலிங்குக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்காதவரிடம் கூரை வேலையைக் கொடுக்காதீர்கள். நாங்கள் கடைசியில் பிடித்தவர் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, ஒவ்வொரு சட்டத்தையும் குத்திப் பார்த்தார். இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது, உள்ளே வண்டு அரித்த தூள். அந்தச் சட்டங்களை மட்டும் மாற்றினோம். கடற்கரைப் பக்கம் இருக்கிற நமக்கு எச்2 என்று முத்திரை குத்திய மருந்தேற்றிய பைன் மரம்தான் போட வேண்டும். மரத்தின் மேல் அந்த முத்திரை இருக்கிறதா என்று லாரியில் இருந்து இறக்கும்போதே பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸை இறக்குவதில் மட்டும் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த நாட்டில் 2008-லேயே அதற்குத் தடை வந்துவிட்டது, 2020 விதிகளின்படி பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் இந்த மாதிரி முழுக் கூரையை இறக்க வேண்டும். மெசோதெலியோமா என்ற அந்தப் புற்றுநோய்க்கும் நீல ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள தொடர்பு உலகத்துக்குத் தெரிய வந்ததே 1960-ல் வட கேப் சுரங்கப் பகுதி நோயாளிகளை வைத்துத்தான். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு சுத்தியலால் உடைத்து பக்கியில் (சின்ன பிக்கப் வண்டியில்) அள்ளிப் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது, அடுத்த வீட்டில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு வந்தவர்கள் முகமூடி, வெள்ளை உடை போட்டு, தாள்களை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டி எடுத்துப் போனார்கள். போட்ட இடத்தின் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வீடு விற்கும்போது கேட்பார்கள்.

எங்கள் வீடு இரட்டை வீடு. சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி உண்டு: ஒரே கூரை, நடுவில் பொதுச்சுவர், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவர்களுக்கு இப்போது மாற்ற வசதி இல்லை. நம் பக்கம் மாற்றினால் சேருகிற இடத்தில் என்ன செய்வது? அவர்களுடைய ஆஸ்பெஸ்டாஸில் துளை போடவோ வெட்டவோ கூடாது. எங்கள் ஆள் பொதுச்சுவரை ஒரு வரிசை செங்கல் உயர்த்தி, அதன் மேல் எங்கள் நிறத்திலேயே மடித்த தகர மூடி போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் தனித்தனியாக ஓடும்படி செய்தார். இந்த ஒரு வேலைக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆன்ட்டி பக்கமும் இப்போது அந்த மூலையில் ஒழுகுவதில்லை என்று சொன்னார்கள். வேலை தொடங்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசி, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஷீட். ஐபிஆர் என்பது பெட்டி பெட்டியாக மடித்த தகரம், ஒரு தாள் 686 மில்லிமீட்டர் அகலத்தை மூடும். முகட்டில் இருந்து இறவாணம் வரை ஒரே நீளத்தில் வெட்டி வாங்கலாம், நடுவில் ஒட்டு கிடையாது, ஒழுக இடமும் இல்லை. நாங்கள் எடுத்தது குரோமாடெக் என்ற வண்ணம் பூசிய தகரம், 0.53 மில்லிமீட்டர் தடிமன், வெளிர் சாம்பல். 0.47-ம் கிடைக்கும், விலை குறைவு, ஆனால் பீலி (கூரை ஓரத்து மழைநீர் வாய்க்கால்) துப்புரவு செய்ய மேலே நடந்தால் நெளிந்துவிடும். வெளிர் நிறம் எடுத்தது நல்லதாகப் போயிற்று, பிப்ரவரி கோடை வெயிலில் முன்பக்க அறையில் மத்தியானம் உட்கார முடிகிறது.

ஷீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் போடுகிற கைதான். ஸ்க்ரூவை மடிப்பின் மேட்டில் போட வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அல்ல. அதன் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், நசுங்கினால் சீக்கிரம் வெடிக்கும். கிரைண்டர் வைத்து வெட்டக் கூடாது, அந்தச் சூட்டில் ஓரத்துப் பூச்சு கருகிவிடும், அங்கே இருந்துதான் துரு தொடங்கும். துளை போடும்போது விழுகிற இரும்புத் துகளை அன்றைக்கு அன்றைக்கே பெருக்கித் தள்ள வேண்டும். எங்களுக்கு இதில்தான் குறை: பின்பக்கச் சரிவைப் பெருக்காமல் இறங்கிப் போய்விட்டார்கள், ஒரு தூறல் போட்டது, காலையில் ஏணி வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தின் மேல் மிளகாய்த்தூள் தூவின மாதிரி சிவப்புப் புள்ளிகள். கூப்பிட்டதும் வந்து துடைத்துக் கொடுத்தார்கள், ஆனால் சில புள்ளிகள் போகவே இல்லை. இன்னொன்று, கீசரில் இருந்து செம்புக் குழாய் கூரை மேல் சொட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். எங்கள் குழாயை பிளாஸ்டிக் குழாயில் சேர்த்து நேராகப் பீலிக்குள் இறக்கச் சொன்னோம்.

மழைச் சத்தம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சத்தம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஷீட்டுக்கு அடியில் சிசலேஷன் என்ற பளபள விரிப்பு, சீலிங்குக்கு மேலே ஏரோலைட் என்ற கண்ணாடி இழை மெத்தை போட்டதால் பெருமழையிலும் டிவி கேட்கிறது, குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேச வேண்டும், அவ்வளவுதான். வெறும் தகரத்தை மட்டும் போட்டு நிறுத்திவிட்டு அப்புறம் ஷீட்டைத் திட்டாதீர்கள். ஆயாவுக்கும் இந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு பயம் இருந்தது. இப்போது சீலிங்கில் வட்டம் விழுவதில்லை என்பதைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள்.

குரங்குகளைப் பற்றி எந்த விளம்பரத்திலும் எழுத மாட்டார்கள். சில்வர்க்ளென் காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், கூட்டமாக வந்து கூரையில் குதிக்கும். எதிர்வீட்டு ஓட்டுக் கூரையில் ஓடுகளை நகர்த்திவிட்டுப் போய்விடும், அடுத்த மழைக்குத்தான் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஷீட்டில் தடதடவென்று சத்தம் வரும், குழந்தை தூங்கினால் எழுந்துவிடும், ஆனால் எதையும் பெயர்க்க முடியாது.

ஓடு யாருக்கு? பிளஃப், இசிபிங்கோ கடற்கரை மாதிரி உப்புக் காற்று நேராக அடிக்கிற இடத்தில், மரச்சட்டம் ஏற்கெனவே ஓட்டுக்காக நிறுத்தியதாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கான்கிரீட் ஓடே போடுங்கள். உப்பு அதை ஒன்றும் செய்யாது, ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். ஓட்டின் தோற்றமும் வேண்டும், எடையும் கூடாது என்பவர்களுக்கு ஹார்வி மாதிரி கல்துகள் ஒட்டிய இரும்பு ஓடு இருக்கிறது, சதுர மீட்டருக்கு 7 கிலோ மட்டில்தான். தம்பி அதைத்தான் கடைசி வரை கேட்டான். விலை கைக்கு எட்டவில்லை, எட்டியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன்.

ஷீட் எடுப்பவர்கள் உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள், கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து வருஷம் குறையும். மழை படாத இடங்களை, அதாவது இறவாணத்துக்கு அடியிலும் பீலி ஓரத்திலும், அவ்வப்போது ஹோஸ் பைப்பால் கழுவச் சொல்லி அதிலேயே போட்டிருக்கும். மழை நனைக்கிற இடத்தில் உப்பு தங்காது, நனைக்காத இடத்தில்தான் தங்கும். நாங்கள் கார் கழுவுகிற அன்றைக்கே அதையும் கழுவிவிடுகிறோம்.