கூரைக்கு வாங்கிய 10,000 வெள்ளி: 36 தவணை கட்டிய பிறகு

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள். “அக்கா, குளியலறைச் சுவர் பிளந்து நிக்குது. வீட்டு லோன், மோட்டார் லோன் ரெண்டும் ஏற்கெனவே ஓடுது. நீங்க கூரைக்கு எடுத்தீங்களே பெர்சனல் லோன், அதை எடுக்கலாமா?” நடந்துகொண்டே சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. மூன்று வருடமாக அந்தக் கடனோடு வாழ்கிறேன். நல்லதும் உண்டு, எரிச்சலும் உண்டு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. மாமனார் மாமியார் ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்கள். சொந்தக் கூரை என்பது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். 2022 நவம்பரில் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் அடுப்படி மேல்தட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. கொண்ட்ராக்டர் ஏணி போட்டு ஏறி, உத்திரத்தில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினார். விரல் பாதிவரை உள்ளே போய்விட்டது, காப்பியில் ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல. வெளியே பூசிய சாயம் மட்டும் அப்படியே இருந்தது, உள்ளே முழுக்கக் கரையான். அவர் சொன்ன தொகை 9,800 வெள்ளி, அதாவது ரிங்கிட். பாதியை முன்பணமாகக் கொடுத்தால்தான் மரம் இறக்குவேன் என்றார். அதில் தப்பில்லை, அவரும் மரக்கடையில் காசு கட்ட வேண்டும்.

அப்போது எங்கள் நிலைமை இதுதான். கார் தவணை 470. வீட்டுத் தவணை 612இல் தொடங்கியது. அந்த வருடம் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான ஓபிஆரை 1.75 விழுக்காட்டிலிருந்து நான்கு தடவை ஏற்றி நவம்பரில் 2.75க்குக் கொண்டுபோனது, அதனால் தவணையும் 675 பக்கம் போய்விட்டது. இரண்டும் வீட்டுக்காரர் சம்பளத்தில் போகும். அவர் லாரி ஓட்டுகிறார், மாதக் கடைசியில் சம்பளம். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் 7ஆம் தேதி. இந்த 7ஆம் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்துக்குக் கொழுந்தனாரிடம் 2,900 கைமாற்று வாங்கினோம். மீதி 2,000க்கு என் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. வங்கிக் கடன் கைக்கு வர 9 வேலை நாள் ஆனது. அந்த 10,000இல் கொண்ட்ராக்டரின் பாக்கியையும் கொழுந்தனாரின் காசையும் அடைத்தோம். மீதி, நனைந்துபோன வயரிங்குக்கும் சாயத்துக்கும் சரியாகப் போனது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜாமீன் கேட்கவில்லை. வட்டி நடுவில் ஏறவே இல்லை, முதல் மாதமும் 234 வெள்ளி, 36ஆவது மாதமும் 234 வெள்ளி. வீட்டு லோன் ஏறிக்கொண்டே போனபோது இது ஒன்றுதான் சொன்ன இடத்தில் நின்றது. கூரை வேலை பதினோரு நாளில் முடிந்தது, அதற்குப் பிறகு அடுப்படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

வட்டியை 8 விழுக்காடு என்றார்கள். அது ஃபிளாட் ரேட். நான் கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் 8 விழுக்காடு மட்டும் கடைசி மாதம்வரை முழு 10,000க்கும் நடக்கிறது. வருடத்துக்கு 800, ஐந்து வருடத்துக்கு 4,000. குறையும் அசலை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 14 விழுக்காடு பக்கம் வருகிறது. கையெழுத்துப் போடும்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன், மழை அப்படிப் பெய்தது.

ஆனால் என்னை வாட்டியது வட்டி இல்லை, தேதி. தவணை 1ஆம் தேதி கட்ட வேண்டும், என் சம்பளமோ 7ஆம் தேதி. தொழிற்சாலையைக் குற்றம் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும். தோட்டமானாலும் தொழிற்சாலையானாலும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு 7ஆம் தேதிதான் சம்பள நாள். 2ஆம் தேதி காலையில் குறுஞ்செய்தி வரும், 4ஆம் தேதி போன் வரும். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் மூன்று மிஸ்ட் கால். ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் எடுத்துவிட்டேன். “எப்போது கட்டுவீர்கள்?” என்று அந்தப் பக்கம் கேட்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டது. சாதத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தேதியை 8க்கு மாற்றித் தரச் சொல்லி இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டேன். ஒப்பந்தத்தில் இருப்பதை மாற்ற முடியாது என்றார்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு. 234 வெள்ளிக்கு 6 நாள் என்றால் 4 சென். இப்படித் தாமதமாகக் கட்டிய 11 மாதத்துக்கும் சேர்த்து 50 சென்கூட வரவில்லை. அந்த 4 சென்னுக்காக மாதம் ஒரு தடவை என்னைக் குற்றவாளிபோல் விசாரித்தார்கள். இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

2023 தீபாவளி போனஸில் ஒரு தவணையைக் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து போன் நின்றது. அவ்வளவுதான் வழி, அது எனக்குத் தெரிய 11 மாதம் ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் இன்னொரு பயமும் இருந்தது, சிசிரிஸ். யார் எந்த வங்கியில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள் என்று பேங்க் நெகாரா வைத்திருக்கும் பதிவு அது. பெயர் கெட்டுவிட்டது, இனி மகனின் படிப்புக்குக்கூட ஒரு வங்கியும் தராது என்று நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஒரு நாள் அந்தப் பதிவின் இணையத்தளமான இசிசிரிஸில் பதிந்து அறிக்கையை எடுத்தேன். கடந்த 12 மாதமும் கட்டமாக இருக்கும், எத்தனை மாதத் தவணை பாக்கியோ அந்த எண் அதில் நிற்கும். என் வரிசையில் 0, 0, 0 என்று கடைசிவரை சைபர். சில நாள் தாமதம் அங்கே போய் நிற்கவில்லை. அந்தச் சைபர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

ஈப்போவில் இருக்கும் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அலுவலகத்துக்கும் ஒரு தடவை போனேன். 2006இல் பேங்க் நெகாரா தொடங்கியது, காசு வாங்க மாட்டார்கள். எங்கள் வரவு செலவை ஒரே தாளில் எழுதவைத்தார்கள். கடன் சீரமைப்புத் திட்டம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் முதல் தடவையாக ஒருவர் என்னைத் திட்டாமல் கடனைப் பற்றிப் பேசினார்.

வளையல் கதை வேறு. சட்டப்படி அடகு வட்டி மாதம் 2 விழுக்காடு, மீட்க ஆறு மாதம். மாதம் 40 வெள்ளி, மூன்றாம் மாதம் ஓவர்டைம் காசில் 2,120 கொடுத்து மீட்டேன். ஆண்டுக்கு 24 விழுக்காடு, வங்கியைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் அந்த மூன்று மாதமும் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. கடைக்காரர் வளையலைத் துணியில் துடைத்து, நானே எடை பார்க்கும்படி தராசில் வைத்துத் தந்தார்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத்து ஆட்கள் சிறுகச் சிறுகப் பங்குக் காசு கட்டினார்கள். மாமியார் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரியும். மாதாமாதம் காசு கட்டுவது எங்கள் சனத்துக்குப் பழகியதுதான். கட்டமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்டிப் பேசுவதுதான் வலிக்கிறது.

இந்த மாதம் முழுவதையும் முடித்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். 8,424 வெள்ளி கட்டியாகிவிட்டது, முடிக்க இன்னும் 4,920 வேண்டுமாம். வட்டியின் பெரும்பகுதியை முதல் வருடங்களிலேயே எடுத்துக்கொள்கிற கணக்கு அது. 24 தவணை மீதி இருக்க, தள்ளுபடி 656தான். சரி, மாதாமாதமே கட்டிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

தங்கச்சிக்கு என் பதில்: எடுக்காதே. இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இதுதானா என்று நீ கேட்கலாம். கணக்குப்படி பார்த்தால் வங்கிக் கடன்தான் மலிவு, எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை கூரை விழுந்தால் வளையலோடு சங்கிலியையும் கொண்டுபோய் வைப்பேன். உன் சேமநிதியில் மூன்றாம் கணக்கைப் பார், 2024 மே மாதத்திலிருந்து கட்டுவதில் 10 விழுக்காடு அங்கே போகிறது, 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் நம்பரை, அந்த உரிமம் இல்லாத வட்டிக்காரர்களை, எடுக்கவே எடுக்காதே. உரிமம் உள்ளவர்கள்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இல்லை. கூட்டு, அதாவது சீட்டு, கட்டலாம் என்று கூப்பிடுவார்கள், 1971 முதல் அதை நடத்துவதே குற்றம், ஓடிவிட்டால் கேட்க ஆள் கிடையாது.

வேறு வழியே இல்லாமல் வங்கிக்குத்தான் போகிறாய் என்றால், கையெழுத்துக்கு முன்னால் தேதியை 8க்குப் பிறகு போடச் சொல். வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறாய் அல்லவா, என் ஒப்பந்தத்தை எடுத்து வைத்திருக்கிறேன். தேதி இரண்டாம் பக்கத்தில் கீழே, சின்ன எழுத்தில் இருக்கிறது.